படிக்கப் போன ஊரில் ஒரு பந்தி: டர்ஹாமில் ஊர்க்காரர்களோடு பொங்கல் விருந்து நடத்துவது எப்படி?

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் டர்ஹாம் சின்ன ஊர். ஊரில் ஏறத்தாழ 50,000 பேர். பல்கலைக்கழகத்தில் மட்டும் 20,000க்கு மேற்பட்ட மாணவர்கள். வயடக்ட், கிளேபாத், ஜைல்ஸ்கேட் பக்கத் தெருக்களில் ஓய்வுபெற்ற தம்பதி ஒரு வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் மாணவர் வீடுகள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வருடக்கணக்கில் வாழ்ந்தாலும் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. இரவுச் சத்தத்துக்கோ நிரம்பி வழியும் குப்பைத்தொட்டிக்கோ சண்டை வரும்போதுதான் முதல் பேச்சே நடக்கும்.

அதை மாற்ற நினைத்துத்தான் நாங்கள் சில தமிழ் மாணவர்கள் பொங்கல் விருந்துக்கு ஊர்க்காரர்களை அழைத்தோம். முதல் வருடம் கல்லூரிக் கூடத்தில் 70 நாற்காலி போட்டோம். ஊரிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். அடுத்த வருடம் ஊருக்குள் ஒரு ஹாலில் நடத்தினோம். ஊர்க்காரர்கள் மட்டும் 46 பேர் வந்தார்கள். அந்த இரண்டு வருடங்களில் படிவம், கட்டணம், தேதி என்று நாங்கள் தடுமாறிக் கற்றதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். கட்டணங்களும் கெடுவும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் முன் கவுன்சிலின் (உள்ளாட்சி அமைப்பான டர்ஹாம் கவுண்டி கவுன்சிலின்) இணையப் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. இடத்தை ஊருக்குள் பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் வர ஊர்க்காரர்களுக்குத் தயக்கம் இருக்கிறது. வாசலில் அட்டையைக் காட்டிக் கதவு திறக்க வேண்டும், எந்தப் படி ஏறுவது என்று தெரியாது, கார் நிறுத்த இடம் இருக்காது. "அது உங்கள் இடம், எங்களுக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒரு பாட்டி என்னிடம் நேராகவே கேட்டார்.

அதனால் தேவாலயத்தை ஒட்டிய ஹால், சமுதாயக் கூடம் என்று ஊர்க்காரர்கள் ஏற்கெனவே போய்ப் பழகிய இடமாகத் தேடுங்கள். குழந்தைகளின் விளையாட்டுக் குழு, முதியோர் காபிச் சந்திப்பு எல்லாம் நடக்கும் ஹாலாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை:

ஒரு மணி நேர வாடகை எவ்வளவு? (நாங்கள் கொடுத்தது 15 பவுண்டு.) முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும்? சமையலறை வாடகையில் அடக்கமா? அடுப்பு, ஃபிரிட்ஜ் வேலை செய்கின்றனவா? சக்கர நாற்காலி உள்ளே போகுமா? குப்பையை யார் எடுத்துப்போவது? அதிகபட்சம் எத்தனை பேர்? இதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். எங்கள் முதல் ஹாலில் "சமையலறை உண்டு" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஒரு கெட்டிலும் கைகழுவும் தொட்டியும்தான் இருந்தன. நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

தேவாலய ஹால்களில் இன்னும் இரண்டு நிபந்தனைகள் இருக்கலாம். மெதடிஸ்ட் சபை வளாகங்களில் பொதுவாக மது கூடாது. சில ஹால்களில் பிற சமய வழிபாடும் கூடாது. பொங்கலை அறுவடைத் திருநாள் என்று சொல்வது உண்மைதான். ஆனால் விளக்கேற்றுவது, படையல் வைப்பது போன்ற திட்டம் இருந்தால் அதையும் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். மறைத்து நடத்தினால் அடுத்த வருடம் அந்த ஹால் கிடைக்காது; உங்களுக்குப் பின்னால் வருகிற மாணவர்களுக்கும் கிடைக்காது.

2. தேதி குறிக்கும்போது இரண்டு நாட்காட்டிகளைப் பாருங்கள்

பொங்கலன்றே நடத்த வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பொங்கலை ஒட்டிய சனிக்கிழமைதான் சரியான நாள். டிசம்பர் நடுவிலிருந்து மாணவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஜனவரி இரண்டாம் வாரத்தில்தான் திரும்புவார்கள். ஜனவரி நடுவில் டர்ஹாமில் மாலை 4 மணி தாண்டியதும் இருட்டிவிடும். வயதானவர்கள் இருட்டிலும் பனி உறைந்த சரிவிலும் நடக்கத் தயங்குவார்கள். அதனால் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வையுங்கள். முதல் வருடம் நாங்கள் மாணவர் வழக்கப்படி இரவு 7 மணிக்கு வைத்தோம். அந்த நேரத்தில் ஊர்க்காரர்கள் இரவுச் சாப்பாட்டையே முடித்திருப்பார்கள்.

வயதானவர்களின் இலவச பஸ் அட்டை வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறுகளில் நாள் முழுக்கச் செல்லும். சனிக்கிழமை வைக்க இதுவும் ஒரு காரணம்.

கோடையில் நடத்துவதாக இருந்தால் ஜூலை இரண்டாவது சனிக்கிழமையைத் தொடவே வேண்டாம். அன்று சுரங்கத் தொழிலாளர் திருவிழா. ஊரே பேண்டு வாத்தியமும் கொடியுமாகத் தெருவில் இருக்கும். அது ஊரின் சொந்த நாள். அன்று நாம் போய்க் கலந்துகொள்வதுதான் முறை.

3. மது வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

எங்களை அதிகம் அலைக்கழித்தது இந்தக் கேள்விதான். மது விற்பதாக இருந்து, ஹாலுக்கு அதற்கான உரிமமும் இல்லையென்றால், 'டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ்' (தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு) கொடுக்க வேண்டும். பேச்சில் இதை 'டென்' என்பார்கள். கட்டணம் 21 பவுண்டு. 18 வயது நிறைந்த யாரும் கொடுக்கலாம். வேலை செய்பவர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது.

இதில் இருக்கும் பொறிகளைக் கவனியுங்கள்:

"மது விற்கவில்லை, 5 பவுண்டு டிக்கெட்டோடு ஒரு கோப்பை ஒயின் சும்மா தருகிறோம்" என்றாலும் அது விற்பனைதான். "நன்கொடை போட்டால் ஒரு பீர்" என்பதும் அப்படியே. உண்மையிலேயே யாரிடமும் எதற்கும் காசு வாங்காமல் கொடுத்தால் மட்டுமே அது விற்பனை ஆகாது.

நோட்டீஸ் பத்து முழு வேலை நாட்களுக்கு முன் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது சேரும் நாளும் விழா நாளும் கணக்கில் வராது. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் கணக்கில் வராது. எடுத்துக்காட்டாக, விருந்து 2026 ஜனவரி 17 சனிக்கிழமை என்றால் நோட்டீஸ் சேர வேண்டிய கடைசி நாள் ஜனவரி 2 வெள்ளி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைக்கு நடுவே அந்தத் தேதி எப்படி நழுவும் என்று நினைத்துப் பாருங்கள். எங்களுக்கு அப்படித்தான் நழுவியது. டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

தாமதமானால் ஐந்து முழு வேலை நாள் வரை 'லேட் டென்' கொடுக்கலாம். ஆனால் அதற்குக் காவல்துறையோ சுற்றுச்சூழல் நலப் பிரிவோ ஆட்சேபித்தால் விசாரணை எதுவும் கிடையாது, அத்தோடு முடிந்தது. உரிய நேரத்தில் கொடுத்த நோட்டீஸ் என்றால் உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டு.

இணையத்தில் விண்ணப்பித்தால் கவுன்சிலே நகல்களை மற்ற இரண்டு துறைகளுக்கும் அனுப்பிவிடும். காகிதத்தில் கொடுத்தால் அந்த இரண்டு இடங்களுக்கும் நீங்களே நகல் அனுப்ப வேண்டும். இது தெரியாமல் ஒரு நகலோடு நின்றுவிட்டால் நோட்டீஸே செல்லாது.

ஒரு இடத்துக்கு ஒரு ஆண்டில் இத்தனை டென்தான் என்று உச்சவரம்பும் உண்டு. ஆண்டுக் கடைசியில் நடத்துவதாக இருந்தால் ஹால்காரரிடம் எத்தனை மீதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்து: முதல் விருந்தை மது இல்லாமல் நடத்துங்கள். குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கும் பெரியவர்களுக்கும் அது இதம். மாணவர் கூட்டம் என்றாலே குடிக் கூட்டம் என்று ஊரில் இருக்கும் எண்ணத்துக்கும் அது நல்ல பதில். பானகமும் இஞ்சி டீயும் போதும். இரண்டாம் வருடம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். யாரும் குறையாகச் சொல்லவில்லை.

4. பாட்டு, ஆட்டம்

மது இல்லாத சமுதாயக் கூடத்தில், ஹால் நிர்வாகத்தின் சம்மதத்தோடு, காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்குள் என்றால் பாட்டுக்கும் நடனத்துக்கும் கவுன்சில் உரிமம் தேவையில்லை. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போடுவது வேறு விஷயம். அதற்கு 'தி மியூசிக் லைசன்ஸ்' என்ற காப்புரிமைச் சீட்டு வேண்டும். பல ஹால்களில் அது ஏற்கெனவே இருக்கும். "உங்களுடையது எங்கள் நிகழ்ச்சிக்கும் செல்லுமா?" என்று ஒரு வரி கேட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

5. காப்பீடும் ரிஸ்க் அசெஸ்மென்ட்டும்

யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பேற்க 'பப்ளிக் லையபிலிட்டி' காப்பீடு இருக்கிறதா என்று ஹாலில் கேட்பார்கள். ஹாலின் சொந்தக் காப்பீடு பிறந்தநாள் போன்ற தனியார் விருந்துகளுக்குச் செல்லக்கூடும். சங்கங்களுக்குச் செல்லாமல் போகலாம். தனியாக வாங்கக் காசு செலவழிக்கும் முன் மாணவர் சங்கத்திடம் போங்கள். உங்கள் தமிழ் மன்றம் மாணவர் சங்கத்தில் பதிவு பெற்ற அமைப்பு என்றால் அவர்களின் காப்பீடே வளாகத்துக்கு வெளியே நடப்பதற்கும் செல்லக்கூடும். சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி ஹாலுக்கு அனுப்புங்கள். எங்களுக்கு அது கையில் கிடைக்க மூன்று வாரம் ஆனது.

ரிஸ்க் அசெஸ்மென்ட் என்பது இரண்டு பக்கப் படிவம். என்ன ஆபத்து வரலாம், யாருக்கு, அதைத் தடுக்க என்ன செய்கிறீர்கள், யார் பொறுப்பு: இவ்வளவுதான். சூடான பாத்திரம், ஈரத் தரை, மின்கம்பி, ஒவ்வாமை, குழந்தைகள், தீ எல்லாவற்றையும் எழுதுங்கள். குழந்தைகளுக்குப் பெற்றோர் கூடவே இருக்க வேண்டும் என்பதை அழைப்பிதழிலும் போடுங்கள்.

தீ என்றதும் ஒன்று. கற்பூரம், ஊதுபத்தி, தாளிப்புப் புகை எல்லாமே புகை எச்சரிக்கை மணியை அடிக்க வைக்கும். மணி அடித்தால் ஜனவரிக் குளிரில் எண்பது வயதுக்காரர்களை வெளியே நிறுத்த வேண்டிவரும். விளக்குக்கு மின்கல விளக்கு வையுங்கள். தாளிப்பை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். கோலத்தைத் தரையில் போடாமல் பெரிய அட்டையில் போடுங்கள். அரிசி மாவு பட்ட வழவழப்பான தரையில் கால் வழுக்கும்.

6. சாப்பாடு: கடுகிலிருந்து ஆரம்பியுங்கள்

எப்போதாவது ஒருமுறை நடத்தும் சமுதாய விருந்துக்கு உணவு வணிகமாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. மாதாமாதம் நடத்த ஆரம்பித்தால் கவுன்சிலிடம் கேளுங்கள். ஆனால் பதிவு தேவையில்லை என்பதற்காகக் கவனம் குறையக் கூடாது.

பிரிட்டனில் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் என்று 14 இருக்கின்றன. நம் சமையலில் அவை ஒளிந்திருக்கும் இடங்கள் நமக்கே சட்டென்று தோன்றாது. கடுகு அந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் வீட்டில் கடுகு தாளிக்காத பண்டம் எத்தனை? எள்ளும் இருக்கிறது, அப்படியென்றால் நல்லெண்ணெயும்தான். சர்க்கரைப் பொங்கலில் முந்திரி, நெய். புளியோதரையில் வேர்க்கடலை. கேசரி ரவை கோதுமை. இவை எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். "சாம்பார் பருப்பும் காய்கறியும்தான், கோதுமை இல்லை" என்று கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு பெண்மணியிடம் நான் உறுதியாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தோழி டப்பாவைத் திருப்பிப் படித்ததால் தப்பித்தோம். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கடைகளில் கிடைக்கிறது; தேடி வாங்குங்கள்.

ஒவ்வொரு பண்டத்துக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். அதில் பெயர், எதனால் செய்தது, 14இல் எவை உள்ளன, காரம் எவ்வளவு என்று இருக்கட்டும். வாங்கிய பொடிகளின் டப்பாக்களைத் தூக்கிப் போடாமல் சமையலறையில் வையுங்கள். யாராவது கேட்டால் நினைவிலிருந்து பதில் சொல்லாமல் டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்கள். பருப்பும் சாதமும் காய்கறியும் மட்டும் போட்டு, கடுகு, முந்திரி, நெய், பெருங்காயம் எதுவும் சேராத ஒரு பாத்திரம் தனிக் கரண்டியோடு தனி மேசையில் இருக்கட்டும்.

அடுத்தது சூடு. சூடாகப் பரிமாறும் சாப்பாடு 63 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஒரே ஒரு முறை, அதிகபட்சம் இரண்டு மணி நேரம் வரைதான் வைக்கலாம். சோறு இதில் தனி ஆபத்து. வடித்த சோற்றை இரவெல்லாம் அடுப்படியில் வைத்துக் காலையில் கிளறும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அறைச் சூட்டில் கிடக்கும் சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அன்று காலையிலேயே வடியுங்கள். பத்துப் பவுண்டுக்கு உணவு வெப்பமானி கிடைக்கிறது, ஒன்று வாங்குங்கள். 'லெவல் 2' உணவுச் சுகாதாரப் பயிற்சியைச் சமைப்பவர்களில் இருவராவது இணையத்தில் முடித்துவிட்டால் ஹால்காரர்கள் கேட்கும் பாதிக் கேள்விகள் எழவே எழாது.

7. அழைப்பு: கதவைத் தட்டுங்கள்

சுவரொட்டி போதாது. ஹாலைச் சுற்றி நான்கு தெருக்களை எடுத்துக்கொண்டு, டிசம்பர் முதல் வாரத்தில், வார நாள் மாலை 5க்கும் 6.30க்கும் நடுவே இருவர் இருவராகப் போங்கள். பெயர், எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், என்ன விருந்து, இலவசமா, எத்தனை மணிக்கு என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிக் கையில் ஒரு தாளைக் கொடுங்கள். கதவு திறக்காவிட்டால் கையால் எழுதிய நாலு வரியைப் போட்டுவிட்டு வாருங்கள். அச்சடித்த துண்டுத்தாள் பீட்சா விளம்பரத்தோடு குப்பைக்குப் போகும், கையெழுத்தைப் படிப்பார்கள்.

சிலர் குப்பைத்தொட்டிப் புகாரை உங்களிடமே கொட்டுவார்கள். அது உங்கள் வீடே இல்லாவிட்டாலும் நின்று கேளுங்கள். அப்படிப் பத்து நிமிடம் திட்டிய ஒருவர்தான் விருந்தன்று முதல் ஆளாக வந்தார். வயதான பெண்கள் உங்களை 'பெட்' என்று கூப்பிட்டால் திகைக்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் அது 'கண்ணு' மாதிரி அன்பாகக் கூப்பிடும் சொல்.

அப்புறம், அவர்களை வெறும் விருந்தாளிகளாக உட்கார வைக்காதீர்கள். டீ போடும் பெரிய பாத்திரத்தை இயக்கத் தெரிந்தவர், கேக் செய்கிறவர், பழைய ஊர்ப் படங்கள் வைத்திருப்பவர் என்று நாலைந்து பேரிடம் முன்கூட்டியே உதவி கேளுங்கள். கையில் வேலை உள்ளவர் நண்பரையும் கூட்டிக்கொண்டு வருவார். எங்கள் விருந்தில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா செய்த ஸ்டாட்டி ரொட்டி இருந்தது. வடகிழக்கு இங்கிலாந்தின் தட்டையான, வட்டமான ரொட்டி அது. சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட அதைவிடப் பொருத்தமான ரொட்டியை நான் கண்டதில்லை.

ஊரின் பாரிஷ் கவுன்சிலுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உங்கள் தெரு உறுப்பினர் வந்தால் ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை கூடும். இதுபோன்ற நிகழ்ச்சிக்குச் சிறு நிதி உண்டா என்றும் கேட்கலாம். வெளியாள் யாரையாவது பேச அழைத்தால் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனிப் படிவம் இருக்கக்கூடும். மாணவர் சங்கத்தில் ஒரு மாதம் முன்பே விசாரியுங்கள்.

8. பணம்

மாணவர்களையும் சேர்த்து 80 பேருக்கு எங்களுக்கு ஆன செலவு: ஹால் 6 மணி நேரம் 90 பவுண்டு, மளிகையும் காய்கறியும் 210, தட்டும் கோப்பையும் 28, அச்சுச் செலவு 18. மொத்தம் 346 பவுண்டு. முன்பணம் 100 தனி. அது திரும்பி வந்தது. வாழையிலை வாங்கவில்லை, விலை கட்டுப்படியாகாது.

டிக்கெட் போடாதீர்கள். கதவருகே நன்கொடைப் பெட்டி வையுங்கள், ஹாலுக்குள் வைக்கலாம். தெருவில் உண்டியல் குலுக்குவதற்குக் கவுன்சில் அனுமதி வேண்டும். பரிசுக் குலுக்கல் நடத்தினால், சீட்டை விருந்து நடக்கும் இடத்திலேயே, விருந்து நேரத்திலேயே விற்று, வரும் பணத்தை யாரும் சொந்தத்துக்கு எடுக்காமல் நல்ல காரியத்துக்குக் கொடுத்தால் பதிவு தேவையில்லை. முந்தின வாரமே வளாகத்தில் விற்கத் தொடங்கினால் விதி மாறிவிடும்.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை: சுயதொழில் செய்ய அந்த விசாவில் அனுமதி இல்லை. ஆகவே சாப்பாட்டை விற்று லாபத்தை யாராவது கையில் எடுத்துக்கொள்வது விசாவுக்கே ஆபத்து. வரவு செலவு முழுவதும் மன்றத்தின் கணக்கில் போகட்டும். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

9. எப்போது எதைச் செய்வது

செப்டம்பர் கடைசி: ஹால் பதிவு. அக்டோபர்: மாணவர் சங்கத்தில் மன்றப் பதிவு, காப்பீட்டு நகலுக்கு விண்ணப்பம். நவம்பர்: ரிஸ்க் அசெஸ்மென்ட், இசை உரிமம் பற்றிய கேள்வி, உணவுப் பயிற்சி. டிசம்பர் முதல் வாரம்: மது உண்டென்றால் டென், மாணவர்கள் ஊருக்குப் போகும் முன் வீடு வீடாக அழைப்பும். ஜனவரி முதல் வாரம்: ஊரில் தங்கியிருப்பவர்கள் இன்னொரு சுற்று நினைவூட்டல். விருந்துக்கு முந்தின நாள்: மளிகை, ஒவ்வாமை அட்டைகள்.

அன்று காலை 9 மணிக்கே ஹால் கையில் இருக்க வேண்டும். மாணவர்கள் ஒரு மேசை, ஊர்க்காரர்கள் ஒரு மேசை என்று பிரிந்து உட்காருவது தானாக நடக்கும். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மாணவர்களை முன்பே உட்கார வையுங்கள்.

முடிந்ததும் குப்பையைப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்தப் புகாரோடு ஆரம்பித்தோமோ அங்கேயே போய் நிற்போம். பைகளில் கட்டி உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். தரையைத் துடைத்து, அடுப்பைத் துடைத்து, காலி ஹாலை நான்கு படம் எடுத்து அன்றிரவே ஹால்காரருக்கு அனுப்புங்கள். முன்பணம் சிக்கலில்லாமல் திரும்ப வரும். சாவியைக் கொடுக்கும்போதே அடுத்த வருடத் தேதியையும் அவருடைய நாட்குறிப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள்.